போர்டில் போட்ட ஒற்றைக் கோடு

1. போன்

அந்த போன் வந்தபோது நான் ரெக்கார்டு நோட்டுகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். குற்றாலத்தில் சாரல் பிடித்து இரண்டாவது வாரம். தென்காசிப் பக்கத்து ஐ.டி.ஐ. ஒன்றில் எலக்ட்ரீசியன் டிரேடுக்கு நான் இன்ஸ்ட்ரக்டர். இருபத்தோரு வருட சர்வீஸ். எனக்குத் தெரியாத மோட்டார் இல்லை என்ற நினைப்பும் கூடவே இருந்தது.

"டீச்சர், மேலகரம் மோட்டார் ரீவைண்டிங் கடை அருணாசலம் பேசுதேன். உங்க பிள்ளைய வந்து கூட்டிட்டுப் போங்க."

"என்னாச்சு அண்ணாச்சி? ஷாக் கிக் அடிச்சிட்டா?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ஆச்சு. நேர்ல வாங்க, சொல்லுதேன்."

வைத்துவிட்டார்.

பிள்ளை என்று அவர் சொன்னது ரஹ்மத் நிஷாவை. எங்களிடம் இரண்டு வருடம் படித்து முடித்து, அவர் கடையில் ஒரு வருட அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தாள். சேர்ந்து பதினேழு நாள். அந்த இடத்தைப் பிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி என்று ஆறு கடை ஏறி இறங்கினேன். "பையன் இருந்தா அனுப்புங்க டீச்சர், பொம்பளப் பிள்ளைய வச்சு நாங்க என்ன செய்ய?" என்று ஆறு பேரும் பேசி வைத்தது போலச் சொன்னார்கள். ஏழாவதாகப் போனது அருணாசலம் அண்ணாச்சியிடம். "வேலை செஞ்சா எந்தப் பிள்ளையா இருந்தா என்ன?" என்றார். அந்த இடத்திலேயே கையெழுத்தும் போட்டார்.

ரஹ்மத்தின் வாப்பா சவூதியில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறவர். அவர் போனில் சம்மதம் சொன்னபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற தூரத்தில் வேலை இருக்க வேண்டும். அந்தத் தூரத்துக்குள் அவளை எடுத்துக்கொண்ட ஒரே கடை இதுதான். இதுவும் போனால் ஒப்பந்தம் ரத்து, சர்டிபிகேட் கிடையாது, படித்த படிப்போடு வீட்டில் இருக்க வேண்டியதுதான். அடுத்த வருடம் அனுப்பலாம் என்று நான் மனதில் வைத்திருந்த இரண்டு பெண்களுக்கும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

நோட்டுகளை அப்படியே மூடிவிட்டுக் குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன்.

2. பதினெட்டு பைப்

கடை வாசலில் அண்ணாச்சி நனைந்த சட்டையோடு நின்றிருந்தார். உள்ளே மூலையில் ரஹ்மத். அவளுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்து துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் இசக்கி. முப்பத்தைந்து வயதிருக்கும். எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பிச் சுருள் சுற்றும் வைண்டர் அவர்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு இருபது வருடமாகக் காயில் சுற்றுகிறவர்.

"ஐந்தருவி ரோட்டுல ஒரு லாட்ஜ், டீச்சர்" என்று அண்ணாச்சி தொடங்கினார். "காலைல போன் பண்ணுதாங்க, மோட்டார் போட்டா டேங்குக்குத் தண்ணி ஏறலன்னு. சாயந்தரம் ஆனா கூட்டம் வந்துரும். நானும் இசக்கியும் இங்கன ஒண்ணப் பிரிச்சுப் போட்டுட்டு நிக்கோம். சரி, படிச்ச பிள்ளதான, போயி டாங் டெஸ்டர் போட்டு எத்தன ஆம்ஸ் கரண்டு இழுக்குன்னு பாத்துச் சொல்லுன்னு அனுப்பினேன். பாத்துட்டு போன்ல சொல்லுதா, 'சைபர் காட்டுது அண்ணாச்சி'ன்னு. சைபர்னா என்ன அர்த்தம்?"

"மோட்டாருக்குக் கரண்டு போகல. கேபிள் அறுந்திருக்கும், இல்ல வைண்டிங் போயிருக்கும்."

"நானும் அதத்தான் நெனச்சேன். பேனல்ல இருக்க அம்மீட்டரு முள்ளு செத்து வருசம் ஆச்சு. மோட்டாரு கெடக்கது முந்நூத்தறுபது அடியில, சத்தமும் கேக்காது. நாலு ஆள கூட்டிட்டுப் போயி, முக்காலி போட்டு, செயின் கட்டி, பதினெட்டு பைப்ப சாரல்ல நனைஞ்சிக்கிட்டே வெளிய எடுத்தோம். மெக்கர் போட்டுப் பாத்தா மோட்டார் புதுசு மாதிரி இருக்கு. கேபிளும் நல்லாருக்கு. அப்புறம் இசக்கி மொட்டை மாடிக்குப் போயி பாக்கான், டேங்குக்குப் போற கேட் வால்வ எவனோ டேங்கு கழுவையில அடைச்சிட்டுத் தொறக்காம போயிருக்கான்."

கடைசியில் அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சத்தம் போடுகிற மனிதரிடம் பேசிவிடலாம்.

3. ஒற்றைக் கோடு

நான் செய்தது இதுதான், மறைக்காமல் சொல்கிறேன். எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினேன்.

"ஏட்டி, எப்படிப் போட்ட? காட்டு பாப்போம்."

அவள் டாங் டெஸ்டரை எடுத்தாள். இடுக்கி மாதிரி வாயைத் திறந்து வயரைக் கவ்வி, அதில் ஓடும் கரண்டைக் காட்டுகிற மீட்டர் அது. மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் ஏதாவது ஒன்றைத்தான் கவ்வ வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை மற்றவை சரிக்கட்டிவிடும், எவ்வளவு கரண்டு ஓடினாலும் சைபர்தான் காட்டும். ரஹ்மத் தரையில் கிடந்த சப்மெர்சிபிள் கேபிளை, மூன்று வயரும் ஒரே உறைக்குள் இருக்கும் அந்தத் தட்டைக் கேபிளை, அப்படியே முழுதாகக் கவ்விக் காட்டினாள்.

"எத்தன தடவ சொல்லிக் குடுத்திருக்கேன்? ரெக்கார்டுல படம் வரைஞ்சியா இல்லையா? கண்ண எங்க வச்சிருந்த?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க போர்டுல ஒரு கோடுதான் போட்டிய மேடம். அந்தக் கோட்டக் கவ்வுற மாதிரி படம் போட்டிய. லாட்ஜ்ல போயி பாத்தா ஒரு கேபிள்தான் இருந்துச்சு. அதான் கவ்விட்டேன். அந்தப் படத்துக்கு நீங்க பத்துக்குப் பத்து போட்டிருக்கிய."

இசக்கி குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது.

அவள் சொன்னது சரிதான். ஒற்றைக் கோடுதான் போட்டேன். வருடாவருடம் அப்படித்தான் போட்டேன். மூன்று வயர் வரைய சாக்பீஸுக்குப் பஞ்சமில்லை, எனக்குச் சோம்பல். அதை விடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் ஒர்க்ஷாப் பீரோவில் இரண்டு டாங் டெஸ்டர்கள் இருந்தன. இரண்டும் அட்டைப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். இரண்டு வருடத்தில் ரஹ்மத் அவற்றைக் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

ஐ.டி.ஐ.யில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். புதிதாக வரும் ஒவ்வொரு கருவியும் இன்ஸ்ட்ரக்டரின் பெயரில் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும். நாம் ஓய்வு பெறும் நாளில் அத்தனையும் குறையில்லாமல் அடுத்தவர் கையில் ஒப்படைக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் வைண்டிங்கின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் ஒன்று உடைந்த விவகாரத்தில் ரிலீவ் ஆக முடியாமல் மாதக்கணக்கில் அலைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து சாவியை இடுப்பில் செருகினேன். பிள்ளைகள் பழைய மீட்டர்களைத் தொடலாம், புதியதைப் படத்தில் பார்க்கலாம். கருவியைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமையில் இருந்தேன்.

அண்ணாச்சி டாங் டெஸ்டரை ரஹ்மத் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினார். மேஜை மேல் ஒரு மோட்டார் சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க ஒரு தடவ போடுங்க டீச்சர்."

சரியாகத்தான் போட்டேன். ஒற்றை வயர், நடுவில் கவ்வி. "நாலு புள்ளி ரெண்டு" என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே.

"சரி. இது கூடுதலா, கொறைவா? இந்த மோட்டார இப்ப நான் பார்ட்டிகிட்ட குடுக்கலாமா, கூடாதா?"

மோட்டாரின் விவரம் பொறித்த பெயர்த்தகட்டைப் பார்த்தேன். பார்முலாவை மனதில் ஓட்டினேன். லோடு இல்லாமல் ஓடும்போது எவ்வளவு இருக்கலாம் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும். அந்த வரி அன்றைக்கு என் உதவிக்கு வரவில்லை.

"அளக்கத் தெரியுது. அளந்தத வச்சு ஒண்ணு சொல்லத் தெரியல" என்றார் அண்ணாச்சி. கேலி இல்லை, ஒரு மோட்டாரைப் பார்த்துக் குறை சொல்வது போலத்தான் சொன்னார். "பிள்ளைய வச்சுக்கிடுதேன் டீச்சர். ஆனா ரெண்டு வாரம் நீங்களும் வரணும். இங்கன உக்காந்து வேல பாக்கணும். அதுக்கப்புறம் இவ இருக்கதா, போறதான்னு நான் சொல்லுதேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. டிப்ளமோ முடித்து, இருபத்தோரு வருடம் பாடம் நடத்தியவளை, கடையில் வந்து உட்கார் என்கிறார். ரஹ்மத்தை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பஸ் ஏறும்போது அவள் கேட்டாள்.

"மேடம், வாப்பாட்ட மட்டும் சொல்லிராதிய."

அந்தக் கோபம் தென்காசி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

4. விதியில் இல்லாதது

பிரின்சிபாலிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், விதிகளை மனப்பாடமாகச் சொல்வார்.

"மேடம், ஸ்டாஃப் போய் பிரைவேட் கடையில உக்காந்து வேலை பாக்கலாம்னு எந்த ஜி.ஓ.விலயும் இல்லையே?"

"கூடாதுன்னும் இல்லையே சார்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "எழுத்துல கேக்காதீங்க. கேட்டா நான் எழுத்துல பதில் சொல்லணும்."

கையிலிருந்த லீவை அரை அரை நாளாக உடைத்தேன். மதியம் இரண்டு மணிக்குக் கடை, ஆறு மணி பஸ்ஸில் ரஹ்மத்தோடு வீடு. சனி, ஞாயிறு முழு நாள்.

5. கைக்கு அடியில் எழுதுவது

முதல் நாள் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். அரை மணி நேரத்தில் அதை நானே தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஸ்டூலில் இருந்து குனிந்து காயில் உருவ முடியாது.

எரிந்துபோன மோட்டார் வந்தால் முதல் வேலை, பழைய காயிலை வெட்டி எடுத்து, ஒரு காயிலில் எத்தனை சுற்று என்று எண்ணுவது. அதே எண்ணிக்கையில்தான் புதிய காயிலைச் சுற்ற வேண்டும். இரண்டு சுற்று குறைந்தால்கூட மோட்டார் கூடுதல் கரண்டு இழுக்கும், சூடாகும், ஒரு சீசன் தாங்காது. அந்தக் கடையில் இதற்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் ஒருவருக்கொருவர் சொல்லாமல், சாக்பீஸால் தரையில் எழுதி உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும். பிறகு ஒரே நேரத்தில் கையை எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நோட்டில் ஏறும். இல்லையென்றால் திரும்ப எண்ண வேண்டும்.

நானும் ரஹ்மத்தும் எண்ணினோம். கையை எடுத்தோம். நான் அறுபத்திரண்டு. அவள் அறுபத்துநாலு.

"சராசரி பாத்து அறுபத்துமூணு போட்ருவமா டீச்சர்?" என்றார் இசக்கி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

திரும்ப எண்ணினோம். நான் அறுபத்துமூன்று. அவள் அறுபத்துநாலு.

"நீங்க பேசிக்கிட்டே எண்ணுதிய. வாய மூடிக்கிட்டு எண்ணுங்க."

என் வகுப்பில் ஆயிரம் தடவை நான் சொன்ன வார்த்தை அது. வாயை மூடிக்கொண்டு எண்ணினேன். அறுபத்துநாலு. ரஹ்மத் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கையெழுத்து மாதிரி ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு குணம் இருக்கும் என்பதை இசக்கி கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினார். எரிந்த வைண்டிங்கைப் பார்த்தே காரணம் சொல்வார். ஒரு பக்கம் மட்டும் கருகி மறுபக்கம் பளபளவென்று இருந்தால் மூன்று பேஸ் கரண்டில் ஒன்று வராமல் ஓடியிருக்கிறது. முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு. இதையெல்லாம் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு எரிந்த மோட்டாரைக்கூட வகுப்புக்குள் கொண்டுவந்ததில்லை. ஒர்க்ஷாப் அழுக்காகும் என்று.

முதல் சனிக்கிழமை, முழு நாள் இருந்தபோது, இன்னொன்று தெரிந்தது. பன்னிரண்டு மணி வாக்கில் ரஹ்மத்திடம் மெதுவாகக் கேட்டேன்.

"பாத்ரூம் எங்கட்டி இருக்கு?"

"இங்கன கெடையாது மேடம். அவங்கல்லாம் பின்னால வாய்க்கா பக்கம் போயிருவாங்க."

"அப்ப நீ?"

"காலைல வீட்டுல போயிட்டு வருவேன். அப்புறம் வீட்டுக்குப் போயித்தான்."

"எப்படி அடக்குத?"

"தண்ணி குடிக்க மாட்டேன்."

சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, காயிலில் பூசிய வார்னிஷைக் காய வைக்கும் அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில், ஒரு வாய் தண்ணீர் இல்லாமல். இந்தக் கடையை இன்ஸ்பெக்ஷன் செய்து சரி என்று கையெழுத்துப் போட்டது நான்தான். படிவத்தில் மெஷின் உண்டா, முதலுதவிப் பெட்டி உண்டா, இட அளவு எவ்வளவு என்று கேட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் டிக் அடித்தேன். பாத்ரூம் பற்றிக் கேள்வி இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒரு பெண்ணாக இருந்தும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். மனிதர் முகம் விழுந்துவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

"எப்படி அண்ணாச்சி சொல்லுவா?"

அண்ணாச்சி உடனே எழுந்தார். பின்பக்கம் ஸ்கிராப் அடைத்துக் கிடந்த ஓர் அறையைக் காலி செய்தார். திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். வெள்ளிக்கிழமை கதவும் தாழ்ப்பாளும் மாட்டியாகிவிட்டது. சாவியை ரஹ்மத் கையில் கொடுத்து, "இது உன் பொறுப்பு" என்றார். அதற்குப் பிறகு அவள் பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வந்தது.

6. இரண்டாவது சைபர்

இரண்டு வாரத்தின் கடைசிச் சனிக்கிழமை. நல்ல சாரல். மெயின் அருவியில் கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பத்து மணிக்கு அதே லாட்ஜில் இருந்து போன். தண்ணீர் குறைவாக ஏறுகிறது.

அண்ணாச்சி போனை வைத்துவிட்டு ரஹ்மத்தைப் பார்த்தார். "நீ போ. இசக்கி கூட வருவான். டீச்சர், நீங்களும் போங்க. ஆனா ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

அன்றைக்குத்தான் முடிவு என்று மூன்று பேருக்கும் தெரியும்.

லாட்ஜ் மேனேஜர் அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "இந்தப் பிள்ளையா? போன தடவை மாதிரி எல்லாத்தையும் வெளிய எடுக்கப் போறியளா? இருபத்தெட்டு ரூமும் ஃபுல்லு!"

ரஹ்மத் பேனலைத் திறந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஸ்டார்ட்டரிலிருந்து கேபிளுக்குள் நுழையும் முன்னால் மூன்று வயரும் பிரிந்து கிடக்கும் இடத்தில் முதல் வயரைக் கவ்வினாள். பதினேழு. ஒன்பது, பத்து காட்ட வேண்டிய மோட்டார் அது. இரண்டாவது வயர். அதுவும் பதினேழு. மூன்றாவது வயர்.

சைபர்.

என் விரல்கள் தானாக முன்னால் போயின. இசக்கி என் முழங்கையைப் பிடித்தார்.

ரஹ்மத் ஒரு நொடி அந்த எண்ணையே பார்த்தாள். மீட்டரை எடுத்து முதல் வயரில் திரும்பவும் போட்டுப் பார்த்தாள். பதினேழு. உடனே ஸ்டாப் பட்டனை அமுக்கினாள்.

"ஏம்மா, ஓடிக்கிட்டிருக்க மோட்டார ஏன் நிறுத்துத?" மேனேஜர் கத்தினார். "கொஞ்சமாவது ஏறிக்கிட்டிருந்துச்சே! போடு அத!"

"போட மாட்டேன் சார். ஒரு பேஸ் வரல. ரெண்டு பேஸ்ல ஓடிக்கிட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் ஓடுனா வைண்டிங் எரிஞ்சிரும். அப்புறம் நெசமாவே வெளிய எடுக்கணும்."

"நிச்சயமா?"

"மூணு வயரையும் தனித்தனியா பாத்துட்டேன்."

பேனலில் இருந்து பின்னோக்கிப் போனாள். மெயின் சுவிட்சை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினாள். மூன்றாவது பியூஸ் கேரியரில் கம்பி அறுந்து, இடுக்கு கருகியிருந்தது. ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானாக நிறுத்த வேண்டிய ரிலேயை யாரோ எப்போதோ வயர் போட்டுத் தாண்டிவிட்டிருந்தார்கள். அதையும் அவள்தான் கண்டுபிடித்து இசக்கியிடம் விரலால் காட்டினாள். இசக்கி தலையை மட்டும் ஆட்டினார். இருபது நிமிடத்தில் புதுக் கேரியர் மாட்டி, அந்தக் குறுக்கு வயரையும் எடுத்துவிட்டு மோட்டாரைப் போட்டார்கள். ஒன்பதரை, ஒன்பதரை, பத்து.

மேனேஜர் மூன்று டீ கொண்டுவரச் சொன்னார். முதல் டம்ளரை அவளிடம்தான் நீட்டினார்.

மேனேஜர் போனில் சொல்லியிருக்க வேண்டும், கடைக்குத் திரும்பியதும் அண்ணாச்சி இசக்கியிடம் ஒன்றும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. ரஹ்மத்திடம், "திங்கக்கிழம காயில் சுத்தப் பழகு" என்றார். அந்தக் கடையில் முதல் மூன்று மாதம் யாரையும் வைண்டிங் மெஷினைத் தொட விடமாட்டார்கள். ரஹ்மத் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வரும்போது கண் சிவந்திருந்தது. நான் வெளியே நின்றே அழுதேன், எனக்கு என்ன வெட்கம்.

7. பீரோ

திங்கட்கிழமை காலை எங்கள் ஒர்க்ஷாப்பில் நான் செய்த முதல் வேலை, பீரோவைத் திறந்து இரண்டு டாங் டெஸ்டர்களின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தது. மாணவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த மாதத்துக்குள்ளேயே ஒன்று கீழே விழுந்து மூலை தெறித்தது. ஆனாலும் பீரோவைப் பூட்டவில்லை.

பிறகு ஒன்றொன்றாக மாறியது. அண்ணாச்சி கடையில் கழித்துப் போட்ட எரிந்த மோட்டார்கள் எங்கள் வகுப்புக்கு வந்தன. ரெக்கார்டில் படத்துக்கு மார்க்கைக் குறைத்துவிட்டு, "இது நல்ல மோட்டாரா? ஏன்?" என்ற ஒரே கேள்விக்குப் பாதி மார்க் வைத்தேன். கடைகளை இன்ஸ்பெக்ஷன் செய்யும் படிவத்தின் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்: பெண் பயிற்சியாளருக்குக் கழிப்பறை, குடிநீர். மேலே இருப்பவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒவ்வொரு சீசனிலும் ஒரு வாரம் லீவு போட்டு அந்தக் கடையில் உட்கார்ந்தேன். ஓய்வு பெறும் வரை அதை விடவில்லை.

நானும் சும்மா வாங்கிக்கொண்டு மட்டும் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வராக டிரேடு பரீட்சை எழுதலாம் என்று இசக்கிக்குச் சொன்னது நான்தான். "எட்டாப்புப் படிச்சவன் என்னத்த எழுத?" என்று ஓடினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தியரி சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, பெயர்கள்தான் தெரியவில்லை. பாஸானதும் சர்டிபிகேட்டைக் கடையில் கண்ணாடி போட்டு மாட்டினார். அதைத் துடைத்து வைப்பதை நான் பார்த்ததில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ரஹ்மத் ஒரு வருடத்தை முடித்தாள். அண்ணாச்சி அவளை அங்கேயே வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு பெண்களும் அதே கடைக்குத்தான் போனார்கள். ரஹ்மத்தின் வாப்பா லீவில் வந்தபோது கடைக்குப் போய் அரை நாள் உட்கார்ந்து மகள் காயில் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு ஒரு பை பேரீச்சம்பழத்தோடு வந்தார். நன்றியை என்னிடம் சொன்னார். அது எனக்கு வர வேண்டியதில்லை என்று அவருக்கு எப்படி விளக்க? அவர் மகள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கியிருந்தால், நான் இன்னும் ஒற்றைக் கோடு போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

8. இன்னொரு போன்

நான் ஓய்வு பெற்றபோது ஸ்டாக் ஒப்படைத்தேன். நாற்பத்தோரு கருவிகள் உடைந்தவை என்று பட்டியல். கேள்வி கேட்டார்கள், பதில் எழுதினேன், நாலு மாதம் அலைந்தேன். எனக்கு வருத்தமில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், என் இடத்துக்கு வந்திருக்கும் இன்ஸ்ட்ரக்டர் பிரபு போன் பண்ணினார். சின்ன வயது, நன்றாகப் படித்தவர், பயந்த சுபாவம்.

"மேடம், மேலகரம் கடையிலேருந்து போன். நம்ம பையன் ஒருத்தன வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுதாங்க."

"யாரு பேசினா? அண்ணாச்சியா?"

"இல்ல மேடம், ஒரு லேடி. ரஹ்மத்துன்னாங்க. ரொம்பக் கோவமா பேசுனாங்க."

எனக்கு வந்த சிரிப்பில் அவர் குழம்பிப்போயிருப்பார். உடனே ரஹ்மத்துக்குப் போன் போட்டேன்.

"என்னட்டி செஞ்சான் அந்தப் பையன்?"

"மெக்கரக் குடுத்தா முழிக்கான் மேடம். கையில பிடிச்சதே இல்லையாம். கேட்டா, பீரோவுல இருக்கு, பூட்டிருக்குங்கான்."

சிரிப்பு நின்றுவிட்டது. பிரபுவைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என்னுடைய நாற்பத்தோரு கருவிப் பட்டியலைப் பார்த்துத்தான் அவர் பயந்து பூட்டியிருக்கிறார். பதினொரு வருடம் நான் திறந்து வைத்த பீரோ, சாவி கை மாறிய ஒரே வாரத்தில் மூடிக்கொண்டது. பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கப் புதிய திட்டங்கள் வருகின்றன, புதிய மெஷின்கள் வருகின்றன, நல்லதுதான். என் அனுபவத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் வாத்தியாரை அனுப்ப வேண்டும். கருவி உடைந்தால் அதற்காக வாத்தியாரை அலைய விடக் கூடாது. இந்த இரண்டும் எழுத்தில் வர வேண்டும். என்னைப் போல லீவு போட்டுச் செய்வது என்னோடு போய்விடுகிறது.

சனிக்கிழமை பிரபுவை அழைத்துக்கொண்டு மேலகரம் போனேன். அண்ணாச்சி வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர்" என்று உள்ளே கையைக் காட்டினார். மூலையில் அந்தப் பையன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். வயரும் பிசுக்குமாக ரஹ்மத் எழுந்து வந்தாள்.

"நீங்கதான் சாரா? உங்க பையன வச்சுக்கிடுதேன். ஆனா ரெண்டு வாரம் நீங்களும் வரணும்."

பிரபு என்னைப் பார்த்தார். இருபத்தோரு வருட சர்வீஸோடு நான் இதே இடத்தில் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. அருணாசலம் அண்ணாச்சிக்கும், இசக்கிக்கும், இந்தப் பெண்ணுக்கும் நான் வாய்விட்டு நன்றி சொன்னதே இல்லை. அந்த நிமிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ரஹ்மத் விடவில்லை. எரிந்த காயில் ஒன்றைத் தரையில் போட்டு, பிரபு கையில் ஒரு சாக்பீஸ், பையன் கையில் ஒரு சாக்பீஸ் கொடுத்தாள்.

"எண்ணுங்க. எழுதிட்டு கையால மூடிக்கணும். ஒருத்தரோடத ஒருத்தர் பாக்கக் கூடாது. பேசிக்கிட்டே எண்ணக் கூடாது."

மூன்றாவது சாக்பீஸை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களும்தான் மேடம்."

வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன்.